கேள்விக்குறி ரெண்டு பிளேட்

ரசீது எந்திரத்துக்குத் தமிழ் தெரியாது என்பது
முதல் ஆர்டர் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.
கிர்ரென்று நாக்கை நீட்டியது:
?????? ????? x 2
கிழித்து, குழல்விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்
மாஸ்டர் சென்னியப்பன்.
"ஏனுங்க அம்முணி,
கேள்விக்குறி ரெண்டு பிளேட்டுங்களா?
காரம் எப்படிப் போடறதுங்க?"

பள்ளிபாளையத்தில் பாவாத்தா மெஸ்.
எட்டு மேசை, ஒரு கல்லா,
சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து நாலு தறி.
நூறு ரூபாய்க் கோழியில் கால்வாசி
வெங்காயம் உரிக்காத கம்பெனிக்குப் போகிறது என்று
என்னைக் கூப்பிட்டிருந்தார் பாவாத்தா.
சொந்தமாக ஒன்று செய்துகொடு,
காசு ரெண்டு தவணையில்.

ஆர்டர் வந்தால் மணியடிக்கும்படி எழுதினேன்.
தறிச் சத்தத்தில் மணியாவது ஒன்றாவது.
அதை எடுத்துவிட்டு
அடுப்புக்கு மேலே சிவப்பு விளக்கு மாட்டினோம்.
திரையில் நான் அழகாக வட்டமிட்டு வைத்த
'சமையல் ஆரம்பம்'
எண்ணெய் வழியும் விரலுக்கு அசையவில்லை.
அதையும் எடுத்துவிட்டு
உள்ளங்கை அகலத்தில் ஒரு நிஜப் பொத்தான்,
ஈரோட்டில் பழைய மில் சாமான் கடையில் நூற்றிருபது ரூபாய்.
நான் படித்த வடிவமைப்புப் பாடம் எதிலும்
முழங்கை கிடையாது.

முகவரியில் கதவு எண் கட்டாயம் என்று வைத்தேன்.
எல்லாரும் 1 என்று போட்டார்கள்.
கட்டாயத்தை நீக்கி, பெட்டியை அகலப்படுத்தினேன்.
அதற்கப்புறம்தான் ஊர் உள்ளே வந்தது:
வேப்பமரத்துக்கு இக்கட்ட, டிரான்ஸ்பார்மருக்கு அக்கட்ட.
நாய் கட்டித்தான் இருக்கும், இருந்தாலும் வெளியவே நிக்கவும்.
நைட் சிப்டு. கேட்டைத் தட்டாதீங்க,
ஓனர் முழிச்சுக்குவாரு.

மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன்,
அது காவேரியைத் தாண்டிப் போனதைக் கவனிக்காமல்.
கருங்கல்பாளையத்துக்காரர் படித்துறையில் நின்றால்
எங்கள் புகைபோக்கி தெரியும்.
பாலத்தில் லாரி மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து சொன்னான் பூபேஷ்:
"உங்க மேப்புல ஆறு நீலமா இருக்குதுங்கக்கா.
அது தண்ணி."

எழுத்தைப் படமாக்கி அனுப்பினால்
எந்திரம் ஒப்புக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது
ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்றரை மணிக்கு, என் வீட்டில்.
தாங்குமா என்று பார்க்க நாற்பது ஆர்டர் தள்ளினேன்.
பெயர்: சோதனை. முகவரி: அஅஅ.
சோதனைக் கம்பியை நிஜக் கம்பியிலிருந்து
பிரிக்க மறந்திருந்தேன்.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
திடீரென்று என் திரையில்
சமையல் ஆரம்பம்.
சமையல் ஆரம்பம்.
சமையல் ஆரம்பம்.
யாரோ ஒருவருடைய முழங்கை.

போன் எடுக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.
போய்ச் சேர்ந்தபோது
வரமிளகாய் நெடி தெருமுனை வரை நின்றது.
நாற்பது பொட்டலம்,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரசீது,
'பள்ளிபாளையம் சிக்கன்' என்று,
கொம்பும் புள்ளியும் கெடாமல், கறுப்பாக, சுத்தமான தமிழில்.
சிரிப்பதா அழுவதா என்று நின்றேன்.
"பேரு சோதனைன்னு இருந்துச்சுங்க.
எதோ பெரிய எடம்னு நெனச்சேன்.
இந்த அஅஅ எங்கீங்க இருக்குது?"

மூன்று மணி டீக்குத் தறி நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்
விவரம் எதுவும் கேட்காமல் பிரித்துச் சாப்பிட்டார்கள்.
ஒருவர் மட்டும் தேங்காய்ப் பல்லு கம்மி என்றார்.
பாவாத்தா என் ரெண்டாம் தவணையில்
மூவாயிரத்து இருநூறு பிடித்துக்கொண்டார்,
அசல் விலைக்கு.

அந்த நாற்பது வரியை நான் இன்னும் அழிக்கவில்லை.
மாதக் கடைசியில் கணக்கு எடுத்தால்
அதிகம் வாங்கியவர் பட்டியலில் முதலில் நிற்கிறது அந்தப் பெயர்.
கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
முழுசாகப் படித்தார் பாவாத்தா.
முகத்தில் ஒரு மடிப்பு இல்லை.
"தீவாளிக்கு இவுருக்கு ஒரு கிலோ லட்டு அனுப்போணும்.
அட்ரஸ் எழுதிக் குடு கண்ணு."