முழங்கால் உயரத்தில் ஒரு மீன்

அதிகாலை நாலு மணிக்கு
ஓவுலு நகரத்தில்
சாலை என்று எதுவும் கிடையாது.
நான் தள்ளிக்கொண்டு போன பிறகுதான்
அது சாலை.

ஆறு டன் வண்டி.
முன்னால் இரும்புக் கலப்பை,
உள்ளே நானும் ஒரு குடுவைக் காப்பியும்
மைனஸ் இருபத்திரண்டு என்று
குஷியாகச் சொல்லும் வானொலியும்.
சைக்கிள் பாதையைத்தான் முதலில் சுரண்ட வேண்டும்,
கார்கள் காத்திருக்கட்டும்.
ஹெல்சிங்கியில் இருக்கும் என் மருமகன்
இதை நம்பவே மாட்டான்.

நாலு இருபதுக்கு அவள் வருவாள்.
அவள் என்பதே ஊகம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
துய்ராப் பாலத்தின் அந்தக் கோடியில்
முழங்கால் உயரத்தில் ஆடும் ஒரு மினுக்கு.
மேலங்கிப் பையிலிருந்து கயிற்றில் தொங்கும்
உள்ளங்கையளவு மின்னுவில்லை.
மீன் வடிவம்.
என் விளக்கு தொட்டதும்
செதிலெல்லாம் வெள்ளியாகி
நீந்தத் தொடங்கும்.
கலப்பையை உயர்த்துவேன், ஓரம் கட்டுவேன்.
ஆணி டயர் பனியைக் கடித்துக்கொண்டு
நறநறவென்று கடந்துபோகும்.
ஒரு கையுறை உயரும்.
மூன்று குளிர்காலம்
இதுதான் எங்கள் பேச்சு.

ஜனவரியில் ஒரு நாள்
மீன் வரவில்லை.
நாலு இருபது. இருபத்தைந்து.
காய்ச்சலாயிருக்கும், விடுப்பாயிருக்கும் என்று
கலப்பையை இறக்கி அழுத்தினேன்.
பனிப்புழுதி எழுந்து கண்ணாடியை மூடியது.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள்.
குடுவை உருண்டது,
பிரேக்கை மிதித்து அதை எடுக்கக் குனிந்தேன்,
அவ்வளவுதான்.
நிமிர்ந்தபோது
கலப்பையின் உதட்டுக்கு இரண்டு முழம் தள்ளி
இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் கெட்டியான இருட்டாக
ஒரு சைக்கிள், ஒரு ஆள்.

ஹெல்மெட்டுக்குக் கீழே கம்பளித் தொப்பி,
இமை முழுக்க உறைபனி.
"பாட்டரி செத்துப்போச்சு" என்றாள்
நான்தான் கொன்றதுபோல.
பிறகு பையைத் துழாவினாள்.
கயிறு வந்தது.
மீன் வரவில்லை.
அந்த அறுந்த நுனியை
இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பெயர் ரௌனி.
ரொட்டிக்கடையில் மாவு பொங்கிக்கொண்டிருக்கும் என்றாள்.
பாலம் முடியும்வரை
என் விளக்கை அவள் முதுகில் சாய்த்துக்கொண்டு
பின்னாலேயே ஊர்ந்தேன்.
பாதி சுரண்டிய பாதைக்கு
அன்று நாலு புகார்.

மறுநாள் மஞ்சள் மேற்சட்டை,
முன்னால் இரண்டு விளக்கு, பின்னால் ஒன்று,
சக்கரக் கம்பி எல்லாம் பளபளப்புப் பட்டை.
ஒரு கிறிஸ்துமஸ் மரம்
சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தது.
ஹாரன் அடித்துச் சிரித்தேன்.

ஏப்ரலில்,
ஊர்ப் பனியை எல்லாம் கொட்டிவைக்கும் மேட்டில்
உருகி ஓடிய கரிநீருக்கு நடுவே
ஒரு மினுக்கு.
எடுத்துத் துடைத்தேன்.
வால் நசுங்கியிருந்தது.
வயிற்றில் குறுக்காகக் கலப்பை கிழித்த கோடு.
எந்த நாள் என்று தெரியாது,
அதன்மேல் ஏறிப் போயிருக்கிறேன்.
அப்போதும் வானொலி ஏதோ சொல்லியிருக்கும்.
காப்பி சூடாக இருந்திருக்கும்.

தொலைந்த கையுறையை
வேலிக் குச்சியில் மாட்டிவைப்பது எங்கள் ஊர் வழக்கம்.
மீனைப் பாலத்துக் கம்பியில் கட்டிவிட்டு வந்தேன்.

இன்னும் அங்கேதான் தொங்குகிறது.
கலப்பையைக் கழற்றியாயிற்று,
இப்போது மணல் பெருக்கும் வண்டி.
நாலு மணிக்கே வானம் வெளுத்துவிடுகிறது,
அரை மைல் தூரத்திலேயே ஆள் தெரிகிறது.
இருந்தாலும் பாலம் ஏறும்போது
வலது கால்
தானாக பிரேக்கைத் தேடுகிறது.