பதினோரு நிமிடம்

அன்ஷானில் அப்பா குளித்தால்
ஷாமென் ஆபீசில் என் போன் சொல்லும்:
வெந்நீர், நாற்பத்திரண்டு டிகிரி, பதினோரு நிமிடம்.

உருக்காலைக் குளியலறையில்
சனிக்கிழமைக்கு ஒரு சீட்டு,
ஒரு குழாய்க்கு மூன்று பேர்.
நுரையோடு முறைக்கு நிற்கையில்
யார் முதுகில் புதுத் தழும்பு,
யார் வீட்டில் சண்டை,
எல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பார்.
அம்மணத்துக்கு ஏது பதவி?
ஃபோர்மேனும் அங்கே வெறும் தொப்பைதான்.

பிறகு மொட்டைமாடியில் சூரியக் குழாய்கள்.
ஒரு ஜனவரியில் ஒன்று வெடித்து
நாலு மாடிப் படியெல்லாம் பனிக்கட்டி.

பிறகு இந்த வெள்ளைப் பெட்டி.
நான்தான் வாங்கி அனுப்பினேன்,
வைஃபையோடு.
இரண்டு நாள் தகவல் வராவிட்டால் கூப்பிடுவேன்.
"குளிருது, லெய்" என்பார்
பிடிபட்ட திருடன் குரலில்.
அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

வசந்த விழாவுக்குச் சொல்லாமல் போனேன்.
இரவு ஏழு மணி.
வெந்நீரைத் திறந்துவிட்டு,
தெறிக்காத மூலையில் முக்காலி போட்டு,
கம்பளிச் சட்டை கழற்றாமல்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

பைக்குள் போன் அதிர்ந்தது:
கெங் ஷுச்சுவான் குளிக்கிறார்.

குழாயை மூடவில்லை.
கை நீட்டினேன்,
ஒரு பிடி விதை கொடுத்தார்.
இன்னும் நாலு நிமிடம் இருந்தது.