லாம்

விளக்குகளுக்கு நான்தான் பொறுப்பு.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முப்பது நொடி பாக்கி.
சிவப்பு வந்ததும், வாக்கியம் எந்த இடத்தில் நிற்கிறதோ
அங்கேயே அதைப் போட்டுவிட்டு எழ வேண்டும்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
கோதுமை மானியத்துக்கும் அதுதான், இதற்கும் அதுதான்.

வடக்கு டகோட்டா, பிப்ரவரி.
சாட்சிகளின் பூட்ஸிலிருந்து உருகிய பனி
சட்டமன்றக் கம்பளத்தில் தீவு தீவாக ஊறியிருந்தது.

முதலில் கல்லூரியின் வழக்கறிஞர்.
குழுவின் ஒன்பது பேருக்கும்
வழவழப்பான துண்டறிக்கை கொடுத்தார்:
இருட்டில் தனியாக நடக்காதீர்கள்,
கோப்பையை மேசையில் விட்டுப் போகாதீர்கள்,
விசில் இலவசம்.
நடப்பவளுக்குப் பதினொரு அறிவுரை.
விசில் சத்தம் கேட்டவர் என்ன செய்வது என்று
பின்னட்டையிலும் தேடினேன்.

அடுத்து சோல்வே பிராண்ட்வோல்ட், இருபது வயது, மண்ணியல்.
"நடந்ததைச் சொல்லப்போவதில்லை.
ஏழு பேரிடம் ஏழு முறை சொல்லியாயிற்று.
அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்" என்று தொடங்கினாள்.

செப்டம்பரில் புகார்.
அக்டோபரில் படிவம் தொலைந்தது.
நவம்பரில் விசாரணை அலுவலருக்கு
வேறு ஊரில் வேலை கிடைத்தது,
வாழ்த்து அட்டையில் கையெழுத்துக் கேட்டு
எனக்கும் மின்னஞ்சல் வந்தது.

"பாறை ஆய்வகத்தில் அவன் மூன்றாம் மேசை,
நான் நான்காம் மேசை.
நீங்கள் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.
விடுதியை மாற்றிக்கொள்ளலாம்.
காவல் நிலையம் போகலாம், போகாமலும் இருக்கலாம்.
எல்லா லாமும் எனக்கு.
அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டும்கூட—"

சிவப்பு. நான்தான் அழுத்தினேன்.

எதிர்ப்பவர்கள் வரிசையில்
ஓரின் ஹெக்லண்ட், தானியக் கிடங்கு ஊழியர்,
வேறொரு கல்லூரியில் படித்த பையனின் அப்பா.
குற்றச்சாட்டு என்னவென்று தெரியவே ஐம்பது நாள்.
அவன் செய்யவில்லை என்று முடிவு சொல்லப் பதினோரு மாதம்.
அதற்குள் பையன் படிப்பை விட்டு
எண்ணெய்க் கிணற்றுக்குப் போய்விட்டான்.
தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னார்:
"யாராவது ஒரு தேதி சொல்லியிருக்கக் கூடாதா?"

மூன்றாம் வரிசையில் சோல்வே நிமிர்ந்து பார்த்தாள்.
இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள் என்று
எழுத ஆசைதான். இல்லை.
குறிப்பேட்டில் இரண்டே பத்தி: ஆதரவு, எதிர்ப்பு.
இருவர் வாயிலும் வந்த ஒரே கேள்வியை
எந்தப் பக்கம் எழுதுவது?

பிறகு உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி,
"வரி பதினான்கில் சிறு சொல் திருத்தம்" என்றார்.

'அறுபது நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்'
என்றிருந்தது.
'முடிக்கலாம்' என்று ஆக்கினேன்.
நான்கெழுத்தைத் தூக்கிவிட்டு
இரண்டெழுத்தை வைக்க
எத்தனை நேரம் ஆகும்.
சட்டத்தின் சுவரில் ஒரு கதவு,
கட்டிடம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

எட்டுக்கு ஒன்று. நிறைவேறியது. கைதட்டினார்கள்.

எனக்கு வாக்கு இல்லை.
இருந்தால் என்ன கேட்டிருப்பேன்?
பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு தேதி. அது தவறினால் பதில் சொல்ல
பதவியோடு அல்ல, பெயரோடு ஒரு ஆள்.
இருவருக்கும் ஆளுக்கொரு வழக்கறிஞர்,
கல்லூரிச் செலவில்.
ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, முழுவதும் கேட்பது.
முடிவு தெரியும்வரை
மூன்றாம் மேசையை வேறு அறைக்குத் தூக்கிப் போவது.
மேசைக்கு அதனால் அவமானம் ஒன்றுமில்லை.

நாற்காலிகளை மடக்கும்போது அவள் வந்தாள்.
"என் வாக்கியம் பாதியில் நிற்கிறது.
மீதியை எழுதிக் கொடுத்தால் சேர்ப்பீர்களா?"

"சேர்க்கலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் பேனாவை எடுத்துக்கொண்டு
சன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.
காவலாளி விளக்கை அணைக்க வந்தார்.
இருக்கட்டும் என்றேன்.