அறுநூற்று எண்பது பாக்கி

ஷெச்சின் நகரில் டிராம் ஓட்டுகிறாள் லுட்மிவா.
போன மார்ச்சில் இருக்கையை
இரண்டு பல் பின்னுக்குத் தள்ளித்தான் உட்கார முடிந்தது.
இப்போது அந்தச் சீருடைக்குள்
இன்னொருத்தியும் ஏறிக்கொள்ளலாம்.

இருபத்தொன்பது கிலோ.
எப்படி, எப்படி என்று கேட்கிறார்கள் எல்லாரும்.
டாக்டர் கேட்டது வேறு:
முடி கொட்டுகிறதா? குளிர்கிறதா?
ஜூலையில் கையுறை போட்டு வந்தவளிடம்.

"ஆயிரத்து ஐநூறாவது சாப்பிடு.
குறைவதற்கும் தின்ன வேண்டும்."

தின்னாதே தின்னாதே என்று
நாற்பது வருஷம் கேட்ட காதுக்கு
இது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது.

இரவு ஒன்பதே கால்.
கைப்பேசியில் அறுநூற்று எண்பது பாக்கி.
முட்டைக்கோஸ் சூப்பிலேயே வயிறு முட்டிவிட்டது,
கிண்ணம் நிறைய, வெறும் தொண்ணூறு.
வெண்ணெய் டப்பாவைத் திறக்கிறாள்.
மூடுகிறாள்.
திறந்து, கத்தி முனையில் எடுத்ததைத்
தராசில் வைத்துப் பார்க்கிறாள்: நாலு கிராம்.
வழித்துத் திரும்ப டப்பாவிலேயே.

பசி என்றொரு ஆள் இருந்தான்.
விரட்டி விரட்டி
ஒருநாள் நிஜமாகவே போய்விட்டான்,
விலாசம்கூடச் சொல்லாமல்.

மறுநாள் கடைசி நடைக்கு முன்
பணிமனை வாசலில் போகுமிவ்
பையில் கைவிட்டு வால்நட் நீட்டினான்,
கேட்காமல், எண்ணாமல், அள்ளி.
அவள் எண்ணினாள். ஏழு.

சிவப்பு விளக்குக்கு ஒன்றாக மூன்று தின்றாள்.
மிச்சம் நாலும்
சட்டைப் பையில் உறுத்திக்கொண்டே வந்தன
பாலம் வரைக்கும்.

பாலம் தாண்டியதும், விளக்கு பச்சைதான்,
இன்னொன்று.