இடது உணர்கொம்பு

வெளியே மைனஸ் இருபத்தாறு.
கார்லிங் அவென்யூவில் எண்பத்தைந்தாம் பஸ்
தன் மூச்சைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது.
உள்ளே என் மேசையில் மால்ட்டாவின் ஜூன் மாதம்,
நாற்பது சிறு குப்பிகளில், மதுசாரத்தில்.

டிங்லி. கரோப் மரம். கற்சுவரின் தென்புறம்.
பென்சிலால் எழுதியிருக்கிறார் ஸ்பிட்டெரி.
நான் கண்டிராத மனிதர்.
அவருடைய ஏழு ஒன்றைப்போல இருக்கும் என்பது மட்டும் தெரியும்,
இரண்டு தடவை திகதியைப் பிழையாகப் பதிந்திருக்கிறேன்.

பெண். ஒன்றே ஒன்று.
நீளம் இரண்டு தசம் மூன்று மில்லிமீற்றர்.
இனங்காணும் அட்டவணையை விரித்தேன்.
முன்சிறகில் இரண்டாம் குறுக்கு நரம்பு உண்டா?
உண்டெனில் நான்குக்குப் போ.
நான்கில்: முதுகு வழுவழுப்பா, சொரசொரப்பா?
சொரசொரப்பெனில் ஒன்பது.
ஒன்பதில்: முட்டையிடும் ஊசி வயிற்றிலும் நீளமா, குட்டையா?
சமம்.
சமத்துக்கு வழி எழுதி வைக்கவில்லை எவரும்.
மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி ஒன்பதில்.
மூன்றாம் நாள்தான் விளங்கியது
பிழை என் கண்ணில் இல்லை,
இவளுக்கு இன்னும் பெயர் இல்லை.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியிலிருந்து மிதுஷா
வீட்டுப்பாடத்தோடு வந்தாள்.
கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்.
நூறு சொல்லுக்கு மேற்படாமல் விளக்குக.
"ஆகாதே, அம்மா?"
ஆகாது. குளவி புழுவுக்குள் முட்டை வைக்கும்.
குடம்பி உள்ளிருந்து தின்னும்,
உயிருக்கு வேண்டியதைக் கடைசிக்கு விட்டுவைத்து.
புழு முடிந்தபின் குளவி வரும்.
அப்படியே எழுதினாள், ஒரு படமும் கீறி.
ஜெகசோதி ரீச்சர் பத்துக்கு நாலு போட்டிருந்தார்.
படத்துக்கு என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பழைய ஆளை நினைத்துக்கொண்டேன்,
மண்கூட்டுக்குள் புழு போவதைக் கண்டவரை,
நாள்கள் கழித்து அங்கிருந்தே
குளவி வருவதைக் கண்டவரை.
வில்லை இல்லாமல், விளக்கு இல்லாமல்
எவ்வளவு நேரம் குந்தியிருந்திருப்பார்!
பார்த்தது அத்தனையும் சரி.
கூடு மூடிக் கிடந்த நாள்களை மட்டும்
அவராகவே எழுதிக்கொண்டார்.

திங்கள் காலை கேசாதிபாதம் தொடங்கினேன்.
முகம் மஞ்சள், நுண்குழிகள் நெருக்கமாக.
உணர்கொம்பு இருபத்திரண்டு கணு.
துடை கறுப்பு, முழங்கால் வெளிறியது.
புலவர்கள் வைத்த அதே ஒழுங்கு,
உவமைதான் ஆகாது.
இவள் எதைப்போலவும் இல்லை என்று காட்டுவதே என் வேலை.

பெப்ரவரியின் உலர்ந்த காற்று. ஈரமூட்டி பழுது.
கம்பளிச் சட்டையின் கை மேசையில் உரசியது,
படக்கென்று ஒரு பொறி,
இடுக்கி நுனியிலிருந்து துள்ளினாள்
செத்து எட்டு மாதத்துக்குப் பின்.
விழுந்தது என்னவோ அட்டையில்தான்.
இடது உணர்கொம்பில் பாதியைக் காணவில்லை.

அடுத்த மேசை ஒடெட் திரும்பிப் பார்க்கவில்லை.
மீதிப் பதினொரு கணுவை
மயிர்த்தூரிகையால் தேடி எடுக்க நாற்பது நிமிடம்.
அதே ஊசியில், கீழே இன்னோர் அட்டையில்,
ஒரு துளிப் பசை.

விவரணையில் இதற்கு ஒரு வரி வேண்டும்.
கட்டுரை ஆங்கிலத்தில்.
புறோக்கன் என்ற சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது.
தமிழில் அப்படித் தப்ப முடியாது:
முறிந்தது என்று மெல்லினம் போட்டால்
காற்றில் ஒரு கிளை, தானாக.
முறித்தது என்று வல்லினம் போட்டால்
அங்கே ஒரு கை வந்துவிடுகிறது.

எவரும் கேட்கப்போவதில்லை.
குறிப்பேட்டில் வல்லினம் போட்டேன்,
நேரம், சட்டை, ஈரமூட்டி, என் பெயர்.

இவளுக்குப் பெயர் வைக்க முன்
இன்னொருத்தி வேண்டும், இரு கொம்பும் முழுதாக.
இருபத்தொன்பது குப்பி மிச்சம்.
அடுத்ததைத் திருகுகிறேன். மூடி இறுகியிருக்கிறது.