எட்டே முக்கால் சாண்

விரல் போனவனைத்தான் பாதுகாப்புக்குப் போடணும் என்று
அற்புதராஜ் முதலாளிக்கு ஒரு புதன்கிழமை தோன்றியது.
மஞ்சள் சட்டை, முதுகில் ஒளிரும் பட்டை,
நீள நோட்டு, நூல் கட்டிய பேனா.
"எட்டாவது படிச்சிருக்கல்ல, எழுது."

கோடு ஏற்கெனவே போட்டிருந்தது:
தேதி. இடம். பொருள். சேதம். காரணம்.
சேதம் என்றால் பொருளுக்கா ஆளுக்கா என்று கேட்டேன்.
ஒரே கட்டம்தான் இருக்கு, பாத்துப் போடு என்றார்.

முதல் வரி என்னுடையது.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
நிலைக்கண்ணாடி வைத்த இரும்பு பீரோ.
காலி பண்ணிட்டோம் என்றார்கள்.
சாவி காணோம் என்றார்கள்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னபோதே
யோசித்திருக்க வேண்டும்.

கீழே நான், மேலே துலுக்காணம்.
எங்கள் வேலையில் ஒரே சட்டம், எந்த நோட்டிலும் இல்லாதது:
கீழே இருக்கிறவன் வாய்தான் பேசும்.
அவன் நில்லு என்றால் மேலே இருக்கிறவன் தும்மக் கூடாது.

இரண்டாவது திருப்பம். படியெல்லாம் ஈரம்,
லாரித் தண்ணீர் வந்து
ஆறேழு குடங்கள் அப்போதுதான் ஏறிப் போயிருந்தன.
நில்லு என்றேன்.
துலுக்காணம் நின்றான். பீரோவும் நின்றது.
பீரோவுக்குள் இருந்தது நிற்கவில்லை.

எடைக்கற்கள்.
வீட்டுக்காரரின் அப்பா வைத்திருந்த
பழைய இரும்புக் கடையினுடையவை.
இருபது கிலோ, பத்து, ஐந்து,
தட்டுத் தட்டாகச் சரிந்து என் பக்கம் வந்தன.
சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே
இடது சுண்டுவிரலின் நுனிக் கணு.
ஸ்டான்லியில் அதை யாரும் எடை போடவில்லை.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆட்டோவுக்கு இருநூறு கொடுத்தார்.
கண்ணாடி உடையவில்லை என்று
அவர் மனைவி சாமிக்கு நன்றி சொன்னது எனக்கும் கேட்டது.
உடைந்திருந்தால் துலுக்காணத்தின் முகத்தில் உடைந்திருக்கும்.
அதற்காகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு மற்றவர்களைக் கேட்டுப் பின்னோக்கி எழுதினேன்.
ஜானி பாஷா: வாஷிங் மெஷின், இடுப்பு.
கஜபதி: பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கிய ஃப்ரிட்ஜ்,
இரண்டு உள்ளங்கைத் தோலும்.
தேதிக் கட்டத்தை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன்:
ஆவணி, தை, ஆவணி, வைகாசி, ஆவணி.
ஆடியில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆடியில் எவன் வீடு மாறுவான்?
எங்கள் முதுகு நிமிர்ந்திருக்கும் மாதம் அது,
அடுப்புதான் படுத்திருக்கும்.
ஆவணி பிறந்தால் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீடு.
ஒன்பதரைக்குள் பால் பொங்கியாக வேண்டும்,
அதற்குள் நாங்கள் கட்டிலை ஏற்றியாக வேண்டும்.

காரணம் என்ற கட்டத்தில் 'ஆவணி' என்று எழுதினேன்.
"மாசம் எப்பிடிப்பா காரணமாவும்?
கவனக்குறைவுன்னு போடு" என்றார் முதலாளி.
அவர் தலைக்குப் பின்னால் காலண்டரில்
பதினொரு தேதிகளுக்குச் சிவப்பு வட்டம்.
நான் அடிக்கவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன்,
அது உண்மையும்கூட.

இப்போது முந்தின நாளே போய்ப் படிக்கட்டை அளக்கிறேன்.
பீரோவைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.
"எங்க மேல நம்பிக்கை இல்லியாப்பா?" என்றார்
கொடுங்கையூரில் ஓர் அம்மா.
"நாளைக்கு கீழ நிக்கப்போறது நான் இல்லம்மா,
வேற ஒருத்தன்" என்றேன்.
பூட்டைத் திறந்தார். உள்ளே மூன்று பித்தளை அண்டா,
ஒன்றுக்குள் ஒன்று, கடைசியில் அம்மிக் குழவி.

கம்பெனி கொடுத்த டேப் மூன்றாம் நாளே சுருள மறுத்தது.
வலது கையில் நோட்டு, அதனால் இடது கையால் சாண் போடுகிறேன்.
நாலு சாண் படிக்கட்டு நாலரையாக வரும்.
பீரோவுக்கும் அதே கைதான், ஆகவே கணக்கு தப்பவில்லை.

எண்சாண் உடம்பு என்பார்கள்.
வேலை இல்லாத ஆடி மத்தியானம் ஒன்றில்
கொருக்குப்பேட்டை கோடவுன் சுவரில்
என் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு அளந்தேன்.
எட்டே முக்கால்.
இன்னொரு தரம் அளந்தேன்.
அட்டைப்பெட்டி மேல் படுத்திருந்த துலுக்காணம்
ஒரு கண்ணைத் திறந்து சொன்னான்:
"வளந்துட்ட மச்சான்."