தொண்ணூறு நாள் டப்பா

மூக்குப்பொடி டப்பா அளவுதான்.
உள்ளே நகம்போல ஒரு பிளாஸ்டிக் துண்டு.
கீழ்க்கோத்தகிரி லைன் வீட்டில்
கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன்.
"கேமராவா?" என்றார் ஞானசௌந்தரி.
இல்லக்கா, காதும் கிடையாது.
கல்லுக்குள்ளிருந்து வருகிற ஒன்று
கீறிவிட்டுப் போக இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

அதன் பெயர் ரேடான். மணமில்லை, நிறமில்லை.
தரை விரிசலில் ஏறும்,
நாலு நாளில் பாதி சாகும்,
செத்த மிச்சம் நுரையீரலில் ஒட்டிச் சுடும்.
நான் சொல்லி முடிப்பதற்குள்
அவர் பால் பொங்குகிறதா பார்க்கப் போய்விட்டார்.

மார்கழி, தை, மாசி.
தேயிலை கருகிய உறைபனி.
ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய தினசரி,
ஒரு ஸ்வெட்டரின் அறுந்த கை.

கழற்றி வந்து காரத்தில் ஊறவைத்து
மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்:
புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி.
நூற்றெண்பது வரை எண்ணி
நம்பாமல்
முதலிலிருந்து எண்ணினேன்.
சாம்பிள் நாற்பத்தொன்று என்றுதான் எழுத வேண்டும்.
பெயர் எழுதி அடித்தேன்.

விரிசலைப் பூசுங்கக்கா,
ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்க.

"தொறந்தா கரடி வரும்மா.
எண்ணெ வாசத்துக்கு வரும்.
போன மாசம் பால்வாடிக் கதவுல
நகம் பதிஞ்சிருக்கு, போய்ப் பாரு.
அத எண்ண மிஷின் வேணாம்."

சிரித்தார். பிறகு
தினசரியை உருவிவிட்டு
இரண்டு விரல் அகலம் திறந்து
விறகுச் சிராயைச் செருகினார்.
மூடுபனி உள்ளே எட்டிப் பார்த்தது.

"இது போதுமா?"

தெரியலக்கா என்று
அதே ஆணியில்
இன்னொரு டப்பாவை மாட்டினேன்.